கடைவாய்க் கல்

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்து ஓடும் பிள்ளையிடம் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். நன்றாக மென்று தின்றால் நெடுநாள் வாழலாம், அவ்வளவுதான் பொருள். ஆனால் இந்தப் பழமொழி ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறது. இலையில் விழும் இட்லியும் துவையலும் குழம்பும் வாய்க்கு வரும் முன்பே முக்கால்வாசி நொறுங்கி வந்தவை. அந்த முக்கால்வாசியை நொறுக்கியது யார்?

மனிதனின் கடி எவ்வளவு வலுவானது, அது வயதோடும் பாலினத்தோடும் எப்படி மாறுகிறது என்று அளக்கும் ஒரு சின்னத் துறை பல் மருத்துவத்துக்குள் இருக்கிறது. அதன் அட்டவணைகளைப் பார்த்தால் முடிவு எளிமையாகத் தெரியும்: ஆண் பலமாகக் கடிக்கிறான், பெண் அவனைவிடக் குறைவாக, கிழவி எல்லோரையும்விடக் குறைவாக. எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்களைப் புதுச்சேரி மாதிரி ஓர் ஊரின் சமையல்கட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம்.

1. அளக்கப்பட்ட கடி

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளாக பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது 1674-ல். அப்போது அது கடலோரத்து நெசவாளர் ஊர். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இத்தாலியில் ஜொவான்னி அல்ஃபோன்சோ பொரெல்லி என்ற கணித அறிஞர், உடம்பை ஓர் இயந்திரமாகப் பார்த்து ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். நடப்பது, தாவுவது, பறப்பது, நீந்துவது எல்லாமே அவருக்கு நெம்புகோல் கணக்கு. தாடையும் அப்படித்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கயிறு கட்டி, அதில் எடையைத் தொங்கவிட்டு, தாடையை மூட முடிகிறதா என்று பார்த்தார். சுமார் 200 கிலோ வரைக்கும் தூக்க முடிந்தது என்று அவர் கணக்கு. 1679 முடியும் தறுவாயில் அவர் இறந்தார். ‘விலங்குகளின் அசைவு பற்றி’ என்ற அந்த லத்தீன் நூல் 1680, 81-ல் வெளிவந்தது. மனிதக் கடியை எண்ணாக மாற்றிய முதல் முயற்சி அதுதான் என்று சொல்வது வழக்கம்.

அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு இதில் பெரிதாக யாருக்கும் அக்கறை இல்லை. 1890களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக், பற்களுக்கிடையே வைத்துக் கடித்தால் விசையைக் காட்டும் ஒரு கருவியைச் செய்தார். அதற்குப் பிறகு ஸ்பிரிங் போய் மின்னணு உணரிகள் வந்தன. இன்று ஒரு மெல்லிய தாளைக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல்லில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கணினியில் பார்க்கிறார்கள். கின்னஸில் இருக்கும் கடி 1986-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஹாஃப்மன் என்பவர் கடித்தது: சுமார் 442 கிலோ எடைக்குச் சமம், சுமார் இரண்டு விநாடி. நாமெல்லாம் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். பல் எல்லாம் உள்ள இளைஞர் ஒருவர் கடைவாயில் பலம் கொண்டமட்டும் கடித்தால் பெரும்பாலும் ஐம்பதிலிருந்து தொண்ணூறு கிலோவுக்குள் ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். கருவிக்குக் கருவி, ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும்.

வயதும் பாலினமும் எங்கே வருகின்றன? சின்ன வயதில் பையனுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்க முளைக்க இருவரின் கடியும் சேர்ந்தே ஏறுகிறது. பருவ வயதில்தான் கோடு இரண்டாகப் பிரிகிறது. பையன்களின் தாடைத் தசை தடிக்கிறது. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தின் பின்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள், புடைத்துக்கொண்டு வருமே, அந்தத் தசைதான். இருபதுகளில் உச்சத்துக்குப் போய், நாற்பது ஐம்பது வரை பெரிய மாற்றமில்லாமல் ஓடி, பிறகு இறங்குகிறது.

1977-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. ஹெல்கிமோ, கார்ல்சன் முதலியோர் பின்லாந்தின் வடகோடியில் வாழும் ஸ்கோல்ட் சாமி மக்கள் 125 பேரைக் கடிக்கவைத்து அளந்தார்கள். கடைவாயில் ஆண்களின் சராசரி 382 நியூட்டன், அதாவது 39 கிலோ. பெண்களுக்கு 216 நியூட்டன், 22 கிலோ. வயது ஏற ஏற விசை குறைந்தது, பெண்களிடம் இன்னும் வேகமாகக் குறைந்தது. ஆனால் ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தார்கள். வயதானவர்களிடம் பற்கள் குறைவாக இருந்தன. விசை இறங்கியதற்கு வயதைவிடப் பல்லின் நிலைமையே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பின்னால் வந்த பல ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று முட்டும் ஜோடிகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்பதே கடியைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு வகிக்கிறது. பல் முழுதாக இருக்கும் கிழவரிடம் சரிவு மெதுவாகவே நடக்கிறது.

அப்படியென்றால் கருவி காட்டும் எண் வெறும் வயதின் எண் இல்லை. அந்த ஆள் இதுவரை என்ன தின்றார், எந்தப் பல் எப்போது சொத்தையானது, அப்போது வைத்தியம் பார்க்கக் காசு இருந்ததா, வீட்டில் யார் பல்வலிக்கு முதலில் ஆஸ்பத்திரி போனார்கள் என்பதெல்லாம் சேர்ந்த எண் அது.

2. அரசாங்கம் கவனித்த வாய்

வாய்க்குள் நடப்பதை அரசுகள் சாதாரணமாகக் கவனிப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டு காரணங்களுக்காகக் கவனித்தன. ஒன்று போர், இன்னொன்று வரி.

அந்தக் காலத்து ஐரோப்பியத் துப்பாக்கிக்குத் தோட்டா என்பது காகிதச் சுருள். உள்ளே மருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். வீரன் அதன் முனையை முன்பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டை இடித்து இறக்கிச் சுட வேண்டும். வேகமாகச் சுடுவதற்கு முன்பல் வேண்டும். பிரான்சில் நெப்போலியன் காலத்துக் கட்டாயப் படைச்சேர்ப்பில் முன்பற்கள் இல்லாதவர்களைக் கழித்துவிட்டார்கள். போருக்குப் போகப் பிடிக்காத இளைஞர்கள் சிலர் நல்ல பல்லையே பிடுங்கிக்கொண்டதும் நடந்தது. பின்பக்கமாகக் குண்டு போடும் துப்பாக்கிகள் வந்த பிறகுதான் பல்லுக்கு விடுதலை.

புதுச்சேரிக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஆளுநர்கள் துய்மா, துய்ப்ளெக்ஸ் காலத்தில்தான் இந்நாட்டு ஆட்களைப் பிரெஞ்சுக் கவாத்தில் பழக்கிச் சிப்பாய்களாக்கும் வேலை வேகம் எடுத்தது. 1746-ல் அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானுடைய பெரிய படையை, பிரெஞ்சுக்காரர்களும் சிப்பாய்களுமாக ஆயிரம் பேர் அளவிலான ஒரு சின்னப் படை சிதறடித்தது. ஒழுங்காக நின்று, மாறி மாறி, இடைவெளி இல்லாமல் சுடும் முறைதான் அந்த வெற்றிக்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நூற்றுப் பதினோரு ஆண்டு கழித்து, 1857-ல், இதே மாதிரித் தோட்டாவின் உறையில் தடவியிருந்தது என்ன கொழுப்பு என்ற கேள்வி ஆங்கிலேயச் சிப்பாய்களிடம் தீயாகப் பரவியது. கேள்வி ஏன் எழுந்தது? அதை வாயில் வைத்துக் கடிக்க வேண்டியிருந்தது. ஓர் இளைஞனின் பல்லும் ஓர் அரசாங்கமும் இவ்வளவு நெருக்கமாகச் சந்தித்த இடம் வேறு இல்லை.

இரண்டாவது, வரி. கம்பெனி ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வெற்றிலையும் புகையிலையும் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை எடுத்தவர் கம்பெனிக்குப் பணம் கட்டிவிட்டு ஊர் முழுக்க விற்றுச் சம்பாதித்துக்கொள்வார். சென்னையில் ஆங்கிலேயர்களும் இதையே செய்தார்கள். துணியும் சாயமும் வெளிநாட்டுக்குப் போன பெரிய வியாபாரம் என்றால், உள்ளூரில் நிச்சயமாக வசூலாகும் வருமானங்களில் ஒன்று இந்த மெல்லும் பழக்கம். யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஊர்க்காரர்களின் தாடை அசைய அசைய கஜானாவில் காசு விழுந்தது.

1736-லிருந்து 1761 வரை ஓடும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் தாம்பூலம் எங்கு பார்த்தாலும் வரும். யாரோ வருவார்கள், பேச்சு நடக்கும், வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்புவார்கள். துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்த பிள்ளைக்கு யார் யாருக்கு எந்த மரியாதையோடு தாம்பூலம் கொடுத்தார்கள் என்பது அரசியல் செய்தி. அந்தப் பாக்கு கல் மாதிரி இருக்கும். அதைப் பாக்குவெட்டியால் சீவியோ நறுக்கியோ கொடுத்தால்தான் பல் தாங்கும். சபையில் நடந்த மெல்லுதல் பதிவாகிவிட்டது. அது பெரும்பாலும் ஆண்களின் மெல்லுதல்.

சிப்பாயின் முன்பல்லும் கனவானின் தாம்பூலமும் ஆவணத்தில் இருக்கின்றன. அதே நகரத்தில், அதே நாட்களில், காலையிலிருந்து இரவு வரை நடந்த இன்னொரு பெரிய கடி எந்த ஆவணத்திலும் கணக்காக ஏறவில்லை.

3. வாய்க்கு வெளியே ஒரு வாய்

பிரெஞ்சில் கடைவாய்ப் பல்லுக்கு ‘மோலேர்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘மோலார்’. இரண்டும் லத்தீனில் ‘மோலா’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. மோலா என்றால் மாவு அரைக்கும் கல், நம்முடைய திரிகைக் கல். அதாவது ஐரோப்பியர்கள் தங்கள் வாய்க்குள் இருப்பதைப் பார்த்து, இது கல் செய்யும் வேலையைச் செய்கிறது என்று பெயர் வைத்தார்கள். முதலில் கல், அதிலிருந்து பல்லுக்குப் பெயர்.

தமிழ் வீட்டில் அந்தக் கற்கள் ஒன்றல்ல. நெல்லை உமி நீக்க உரலும் உலக்கையும். உளுந்தையும் பயறையும் உடைக்கத் திரிகை. தேங்காய், மிளகாய், மல்லி அரைக்க அம்மியும் குழவியும். இட்லி, தோசைக்கு ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் ஆட்ட ஆட்டுக்கல். இவை ஒவ்வொன்றும் ஒரு பல்லின் வேலையைச் செய்பவை. உலக்கை குத்தும், அம்மி இழுத்துத் தேய்க்கும், ஆட்டுக்கல் சுழற்றி நசுக்கும். கடைவாய்ப் பல்லும் மெல்லும்போது இதைத்தான் செய்கிறது: மேலிருந்து அழுத்தி, பக்கவாட்டில் தேய்த்து அரைக்கிறது. ஒரே வித்தியாசம், வாய்க்குள் இருக்கும் கல்லை ஆட்டுவது அவரவர் தாடைத் தசை. வாய்க்கு வெளியே இருந்த கல்லை ஆட்டியது வீட்டுப் பெண்களின் தோளும் முதுகும். வசதியான வீடுகளில் கூலிக்கு வந்த பெண்களின் தோளும் முதுகும்.

இது வெறும் உவமை அல்ல. 2016-ல் ‘நேச்சர்’ இதழில் ஹார்வர்டைச் சேர்ந்த கேத்தரின் ஸிங்க், டேனியல் லீபர்மன் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நெருப்பில் சமைப்பது பரவலாகும் முன்பே மனித இனத்தின் பல்லும் தாடையும் சிறியதாகிவிட்டது எப்படி என்பது அவர்களின் கேள்வி. பச்சைக் கிழங்கையும் பச்சை இறைச்சியையும் ஆட்களுக்குக் கொடுத்து மெல்லவைத்து அளந்தார்கள். உணவில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாக இருந்து, கல்லால் இறைச்சியை நறுக்கி, கிழங்கை இடித்துச் சாப்பிட்டிருந்தால், மெல்லும் தடவைகள் 17 விழுக்காடும் மெல்லும் விசை 26 விழுக்காடும் குறைந்திருக்கும் என்பது முடிவு. கல் வந்ததும் வாயின் வேலை குறைந்தது. வேலை காணாமல் போகவில்லை, கைக்கு மாறியது.

எந்தக் கைக்கு? எலும்புகள் ஓரளவு பதில் சொல்கின்றன. சிரியாவில் அபு ஹுரேரா என்ற இடத்தில் உலகின் மிகப் பழைய விவசாய ஊர்களில் ஒன்றைத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்த தேயா மோலசன் 1994-ல் எழுதியது இது: கால் பெருவிரல், முழங்கால், கீழ்முதுகு ஆகிய இடங்களில் ஒரே மாதிரித் தேய்மானம் தெரிந்தது. மண்டியிட்டு, விரல்களை மடக்கி ஊன்றி, முன்னும் பின்னும் அசைந்து நாள் முழுக்கத் தானியம் அரைத்தால் வரும் தேய்மானம் அது. பெரும்பாலும் பெண்களின் எலும்புகளில். 2017-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடு ஐரோப்பாவின் ஆதி விவசாயப் பெண்களுடைய மேற்கை எலும்புகளை இன்றைய பெண்களின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். அன்றைய சாதாரணப் பெண்ணின் கை எலும்பு, இன்று போட்டிகளில் துடுப்புப் படகு ஓட்டும் வீராங்கனைகளுடையதைவிட வலுவாக இருந்தது. உழவு வேலையோடு, கல்லில் தானியம் அரைப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

இப்போது 39 கிலோ, 22 கிலோ என்ற அந்த இரண்டு எண்களைத் திரும்பப் பாருங்கள். கருவி பற்களுக்கிடையே இருக்கிறது, அதனால் அது வாய்க்குள் இருப்பதை மட்டும் அளக்கிறது. ஒரு குடும்பம் ஒரு நாளைக்குத் தின்னும் உணவை நொறுக்க மொத்தம் எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு, அதில் எவ்வளவு வாய்க்கு வெளியே நடந்தது, அதை யார் செய்தார்கள் என்று பிரித்தால், ஆண் வலுவாகக் கடிக்கிறான் என்ற வாக்கியம் அப்படியே நிற்காது. அவன் கடிக்க வேண்டியதைப் பெரும்பாலும் அவள் கடித்துக் கொடுத்துவிட்டாள். அவன் தாடையில் இருக்கும் அதிக பலம் இட்லி தின்பதற்குத் தேவையே இல்லை.

புதுச்சேரியில் இதற்கு நேர் எதிரான ஓர் உணவும் வந்து சேர்ந்தது: பிரெஞ்சு ரொட்டி. மேல்தோல் மொறுமொறுவென்று, முன்பல்லால் கவ்வி இழுத்துக் கிழிக்க வேண்டிய ரொட்டி. கோதுமையை ஆலையில் அரைத்து, அடுப்பில் பேக்கரிக்காரர் சுட்டுத் தருவது. வீட்டுக் கல்லுக்கு அதில் வேலை இல்லை, வாய்க்கு இருக்கிறது. பல் போன பாண்டிக்காரருக்கும் அது வேண்டுமென்றால் காப்பியில் முக்கித்தான் ஆக வேண்டும். இட்லிக்கு அந்தக் கவலையே கிடையாது. ஆவியில் வெந்து, வாயில் வைத்தால் கரையும். பல் முளைக்காத குழந்தைக்கும் பல் போன பாட்டனுக்கும் ஒரே உணவு. அப்படி இருப்பதற்குக் காரணம், அதை முந்தின நாளே ஒருத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆட்டியிருக்கிறாள்.

இந்தக் கணக்கை முதலில் மாற்றியது மருத்துவமல்ல, மோட்டார். கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரில் சுற்றவைத்தார். நாம் கிரைண்டர் என்று சொல்லும் பொருள் அங்கிருந்து வந்தது. 2011-ல் தமிழ்நாட்டு அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது நிறையப் பேர் கிண்டலடித்தார்கள். ஓசியில் ஓட்டு வாங்குகிறார்கள் என்றார்கள். அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். பல நூற்றாண்டுகளாகப் பெண்களின் தோள்கள் சுமந்த கடியை ஓர் இயந்திரத்துக்கு மாற்றும் வேலை அது என்று கிண்டலடித்தவர்களில் யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

4. பொக்கைவாயின் கணக்கு

ஊருக்கெல்லாம் அரைத்துக் கொடுத்தவளுக்கு வயதானால் என்ன ஆகிறது?

அதற்கும் வீட்டில் ஒரு கருவி இருந்தது. கையடக்கமான ஒரு சின்ன உரல், கூடவே ஓர் இரும்புக் குச்சி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் அதில் போட்டு, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு டக் டக்கென்று இடித்து, சிவந்த விழுதாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். வெற்றிலை உரல் என்பது அட்டவணையில் கடி விசை இறங்கும் அந்த வளைவின் இன்னொரு வடிவம். முதலில் முழுப் பாக்கு, பிறகு சீவல், கடைசியில் உரல். பாட்டி பாக்குவெட்டியிலிருந்து உரலுக்கு மாறிய வருஷம் எது என்று தெரிந்தால், அவர் வாயில் எத்தனை ஜோடிப் பற்கள் மிச்சம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த இடத்தில் பாக்கை ரசித்துக்கொண்டிருக்க முடியாது. 1952-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஒரு விசித்திரமான நோயை ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். வாயின் உட்தோல் வெளுத்து, நாராக இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும் நோய். அதற்குப் பாக்கு மெல்லுவதுதான் முக்கியக் காரணம் என்பது பிறகு உறுதியானது. சாதாரணமாக நம் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் வைக்கலாம். இந்த நோய் முற்றியவர்களுக்கு ஒரு விரல் நுழைவதே பாடு. சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. ஒரு காலத்தில் கம்பெனி குத்தகை விட்டு வருமானம் பார்த்த பழக்கத்தின் செலவு இது. வருமானம் கம்பெனிக்குப் போனது, செலவு வாயிலேயே தங்கிவிட்டது.

பல் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் இருக்கும் நரம்பு முனைகள்தான் ‘இது கல், இது சோறு’ என்று மூளைக்குச் சொல்லி, எவ்வளவு அழுத்தலாம் என்று தாடைத் தசைக்கு ஆணை போகவைக்கின்றன. பல்லைப் பிடுங்கினால் அந்தச் சவ்வும் போய்விடும். முழுப் பல்செட் வைத்தவர்களின் கடி விசை, பல் உள்ளவர்களுடையதில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான். பல்செட் ஈறின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதிகம் அழுத்தினால் வலிக்கும். பல் உள்ளவர் தன் முழு பலத்தில் ஒரு பகுதியை மட்டும் செலவழித்து மெல்லுகிறார், மிச்சம் கையிருப்பு. பல்செட்காரருக்குக் கையிருப்பே இல்லை. அதனால் அவர்கள் மெதுவாக உணவை மாற்றிக்கொள்கிறார்கள். முறுக்கு போகும், வறுத்த வேர்க்கடலை போகும், அப்புறம் ஆட்டுக்கறி, கேரட், கீரைத் தண்டு. கடைசியில் நிற்பது குழைய வடித்த சோறும் ரசமும் காப்பியில் நனைத்த பன்னும். வயிறு நிறையும். புரதமும் நாரும் சத்தும் குறையும், தசை இன்னும் மெலியும், கடி இன்னும் இறங்கும். ‘எனக்கு இதெல்லாம் பிடிக்கிறதில்லப்பா’ என்று பாட்டி சொல்லும்போது நாம் அதை ரசனை மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம்.

பெண்களுக்கு இது கூடுதல் சுமை. பருவ வயதிலிருந்தே கையிருப்பு குறைவு, அது உடம்பு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது, பல்வலியை உப்பும் கிராம்பும் வைத்து வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது, பல்செட் என்று செலவு வந்தால் ‘எனக்கு எதுக்கு, நான் என்ன வெளியிலயா போறேன்’ என்று விலகிக்கொள்வது, இதெல்லாம் உடம்பு இல்லை, வழக்கம். ஸ்கோல்ட் சாமிப் பெண்களிடம் வயதோடு விசை வேகமாக இறங்கியதற்கும் பல்லின் நிலைமைதான் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள் இல்லையா? பல்லின் நிலைமை என்பது வாய்க்குள் மட்டும் தீர்மானமாவதில்லை.

வயதானால் பல் போவது விதி என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானில் ஒரு பதில் இருக்கிறது. 1989-ல் அந்நாட்டு அரசும் பல் மருத்துவச் சங்கமும் ‘8020’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 80 வயதில் 20 பற்கள் சொந்தமாக இருக்க வேண்டும். தொடங்கியபோது பத்தில் ஒருவருக்குக்கூட அது வாய்க்காத நிலைமை. 2016-ல் எடுத்த கணக்கில் 80 வயதை ஒட்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதை எட்டிவிட்டார்கள். ஒரே தலைமுறையில் அந்த வளைவு நகர்ந்தது. அங்கே இப்போது முதியவரின் கடி விசை குறைவது வாய்ச் செயல்திறன் குறைபாட்டின் அடையாளங்களில் ஒன்று. அந்தக் குறைபாட்டுக்குக் காப்பீட்டில் சிகிச்சையும் உண்டு. வயசாயிடுச்சு என்ற ஒரு சொல்லில் விட்டுவிடுவதில்லை.

புதுச்சேரியில் அரசின் பல் மருத்துவக் கல்லூரி 1990-ல், கோரிமேட்டுப் பக்கம் தொடங்கப்பட்டது. மர்த்தேன் வந்து 316 ஆண்டு கழித்து. போருக்காகவும் வரிக்காகவும் வாயைக் கவனித்த ஊரில், வாய்க்காகவே வாயைக் கவனிக்கும் ஓர் அரசு நிறுவனம் வர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

புதுச்சேரியில் தங்கும் விடுதிகளாக மாறிய பழைய தமிழ் வீடுகளின் முற்றத்தில் ஆட்டுக்கல்லை இன்று அலங்காரப் பொருளாகப் பார்க்கலாம். குழிக்குள் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டிருப்பார்கள். போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். குழியின் உள்பக்கம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். கல் அந்த அளவுக்குத் தேய எத்தனை வருஷம் ஆகும், அதே வருஷங்களில் ஒரு தோள்மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கும். பல்லின் தேய்மானத்தை வைத்து ஓர் ஆளின் வயதைக் கணிக்கத் தொல்லியலாளர்களுக்குத் தெரியும். இந்தக் கல்லும் ஒரு பல்தான்.

பிறகு வீட்டுக்குப் போனால், அங்கே அறுபது எழுபது வயதில் ஒரு பெண் இருந்தால், எதையெல்லாம் சாப்பிடுவதை நிறுத்தினீங்க, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று முதலில் சொல்வார். இன்னொரு தடவை கேளுங்கள்.